இடிக்கக் கூடாத பாத்ரூம்

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் முடிந்தது, கரும்பும் தீர்ந்தது. இனி பாத்ரூம்.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி என் மகள் பூரணிக்கு வளைகாப்பு. கையில் வளையல் ஏறியதும் அவளைச் சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிக்கு, இந்த வீட்டுக்கு, நான் கூட்டிக்கொண்டு வர வேண்டும். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். அவள் அம்மா செண்பகம் இல்லை என்பதற்காக அந்த முறை மாறிவிடாது. என் தங்கை மாரிக்கண்ணு எட்டயபுரத்திலிருந்து வந்து கூட இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியும் பார்த்து வைத்தாயிற்று. பாக்கி பாத்ரூம் ஒன்றுதான்.

பூரணி இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை. எப்போது கேட்டாலும் "பாக்கலாம்பா" என்கிறாள். எனக்குக் காரணம் தெரியும். நம் பாத்ரூம் ஆறடிக்கு நாலடி. குந்தி உட்காரும் பழைய மாதிரி. குளிப்பதும் அங்கேதான், மற்றதும் அங்கேதான். மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் வெஸ்டர்ன், பழகிவிட்டாள். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இங்கே ஒரு ராத்திரி தங்கியதில்லை. காலை பஸ்ஸில் வருவாள், மாலை பஸ்ஸில் போவாள். நடுவில் "டீச்சரைப் பாத்துட்டு வாரேன்" என்று பக்கத்து வீட்டு பாக்கியம் டீச்சரிடம் ஒரு நடை போய்விட்டு வருவாள். டீச்சர் வீட்டிலும் வெஸ்டர்ன்.

ஆகவே வெஸ்டர்ன் வைத்துவிட்டால் பூரணி வந்துவிடுவாள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 18, சனி

கொத்தனார் லூர்து வந்தான். ஒன்பதாம் வகுப்பு வரை என்னிடம் ஓட்டப்பந்தயம் பழகியவன். அப்போதும் கடைசியாகத்தான் வருவான், இன்றும் ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் பதினொன்றுக்கு வருகிறான். பி.டி. மாஸ்டராக இத்தனை வருஷம் விசில் ஊதி என்ன பிரயோஜனம்.

"நாப்பதாயிரத்துக்குள்ள முடிக்கணும் லூர்து."

"நாப்பதாயிரத்துக்குக் கதவு நல்லதா வாங்கலாம் சார்."

"கதவே வேண்டாம். பழைய கதவுக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிடுவோம். ஷவர் வேண்டாம், வாளி இருக்கு. இடிசல நானே மூட்டை கட்டிச் சுமந்திருதேன். டைல்ஸ், மீந்து போன டைல்ஸ் விக்கிற கடையில எடுத்துக்கிடலாம்."

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தரையைத் தட்டினான். "அப்ப இந்தத் தரைய அப்படியே விட்டு மேல டைல்ஸ் ஒட்டிருவோம் சார். பாதிச் செலவு மிச்சம். கல்லு மாதிரி இருக்கு."

தரை போக வேண்டும் என்றேன்.

"நல்ல தரை சார்."

போக வேண்டும் என்று மறுபடியும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, டீச்சர் மதில் மேல் எட்டிப் பார்த்தார். தரையைப் பெயர்க்கிற கூலிக்காகக் கீஸரைக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டேன். வெந்நீர் அடுப்பில் வைத்துக்கொள்ளலாம். வெந்நீர் எங்கே காய்ந்தால் என்ன.

ஜனவரி 20, திங்கள்

டீச்சருக்குக் கவலை. "சார், புள்ள வாயும் வயிறுமா இருக்கும்போது வீட்ட இடிக்கலாமா? ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதும்பாங்களே."

இது வீடு இல்லை, பாத்ரூம் என்றேன். பாத்ரூம் வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது என்றார். கணக்கு டீச்சர் அல்லவா, விட மாட்டார். கடைசியில் பூரணியின் மாமியார் காதுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சீதாலெட்சுமி அம்மாள் நல்ல மனுஷி, ஆனால் பல்லி விழுந்தாலும் பலன் பார்க்கிறவர். வேலை முடிகிற வரை டீச்சர் வீட்டில் குளித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. கூடவே தினம் ஒரு காபியும்.

ஜனவரி 22, புதன்

இன்று கடப்பாரை விழுந்தது! முதல் அடியை நானே போட்டேன். அடாடா, என்ன சுகம். லூர்து "போதும் சார், எனக்கும் கொஞ்சம் வையுங்க" என்றான். மத்தியானத்துக்குள் தரை முழுவதும் பெயர்ந்துவிட்டது. மூட்டை மூட்டையாகக் கட்டி நானே தோளில் தூக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றினேன். தோள் விண்விண்ணென்று வலிக்கிறது. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு தவறு. நடுவில் பூரணி போன் செய்தாள்.

"என்னப்பா சத்தம்?"

"பக்கத்து வீட்டுல ஏதோ வேலை."

அந்த நேரம் பார்த்து லூர்து முழுத் தொண்டையில் கத்தினான். "சார்! உங்க கக்கூஸ் பேசினத் தூக்கியாச்சு!"

நான் சிக்னல் இல்லாத மாதிரி "ஹலோ, ஹலோ" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

காலையிலேயே சம்பந்தியம்மாள் போன்.

"அண்ணாச்சி, உங்க கொத்தனார் கொரலு சங்கரன்கோவில் வரைக்கும் கேட்டுச்சு."

"சின்ன வேலைதான் சம்பந்தியம்மா."

"சின்ன வேலையோ பெரிய வேலையோ. வாயும் வயிறுமா இருக்கவ வீட்டுல கடப்பாரை விழலாமா? படிச்சவங்க நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

நான் விடுவேனா. இதற்கென்றே ராத்திரி யோசித்து ஒரு பதில் தயார் செய்திருந்தேன். "சம்பந்தியம்மா, சாஸ்திரம் என்ன சொல்லுது? அவ வீட்ட இடிக்கக் கூடாது. கல்யாணம் பண்ணிக் குடுத்த பொறகு அவ வீடு எது? உங்க வீடு. இது அவ வீடு இல்ல, என் வீடு. என் வீட்ட நான் இடிச்சா என்ன தப்பு?"

மடக்கிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன்.

"சரியாச் சொன்னீங்க அண்ணாச்சி. அது அவ வீடு இல்ல. அப்ப அவ பிரசவத்துக்கு அவ வீட்டுலயே இருக்கட்டும். இங்கயும் ஆஸ்பத்திரி இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள், "பூரணியும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா, ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன்" என்றார்.

அவள் வளையல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

வேலை இல்லை.

ஜனவரி 25, சனி

லூர்து பத்தரைக்கே வந்துவிட்டான். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். ரிட்டயர்டு ஆனவன் என்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பையன்கள் மார்ச்-பாஸ்டில் இடது கால் வலது கால் குழப்பினார்கள், எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூரணி எப்போதும் போன் செய்வாள். இன்று செய்யவில்லை. நான் செய்தேன், எடுக்கவில்லை.

அது அவள் வீடு இல்லையாம். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பேச்சு! இந்த வீட்டுச் சுவரில் அவள் உயரத்தை வருஷா வருஷம் பென்சிலால் குறித்தவன் நான்தான். இப்படி ஒரு வார்த்தையை என் வாயால் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

லூர்து மறுபடியும் வந்து குழியைப் பார்த்தபடி நின்றான்.

"சார், இப்படியே போட்டா உங்களுக்கும் போக எடம் இல்ல, பூனைக்குத்தான் எடம். மூடவா, கட்டவா? ஒண்ணு சொல்லுங்க."

நாளை சொல்கிறேன் என்றேன். நாளை சங்கரன்கோவில் போகிறேன்.

ஜனவரி 28, செவ்வாய்

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. என்ன பேசுவது என்று வழியெல்லாம் தயாரித்துக்கொண்டே போனேன். போய் இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது.

சம்பந்தியம்மாள் வாசலிலேயே "வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். சண்டையெல்லாம் போனில்தான், வாசலுக்கு வந்தவனுக்குச் சாப்பாடு உண்டு. சம்பந்தி பேப்பரைத் தாழ்த்தி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடியும் உயர்த்திக்கொண்டார். அவர் அவ்வளவுதான் பேசுவார்.

பூரணி பின்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. முகத்தில் அப்படியே செண்பகம். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் கீரையைத்தான் பார்த்தோம்.

"எதுக்கு வந்தீங்க? அதான் என் வீடு இல்லைன்னு சொல்லிட்டீங்களே."

"அது வாதத்துக்குச் சொன்னது பூரணி."

"வாதத்துல ஜெயிக்க என் வீட்ட வச்சுத்தான் வெளையாடணுமா?"

"வெஸ்டர்ன் வைக்கேம்மா. உனக்காகத்தான். நீ வந்து இருக்கணும்னுதான்" என்றேன்.

"நான் வெஸ்டர்ன் கேட்டேனாப்பா?" அவள் கையிலிருந்த கீரையைத் தட்டில் போட்டாள். "காரணம் அது இல்ல. உங்களுக்கும் தெரியும். அந்தத் தரையில என்னால கால் வைக்க முடியாது."

எழுதிவிடுகிறேன். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் செண்பகம் அந்தப் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். நான் பையன்களோடு தூத்துக்குடியில் விளையாட்டுப் போட்டியில் இருந்தேன். திருநெல்வேலி ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்த பூரணிதான் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறாள். ஆம்புலன்ஸ் வருகிற வரை அந்த ஈரத் தரையில் அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் செண்பகம் போய்விட்டாள். டீச்சர் வீட்டுக்குப் பூரணி ஏன் போகிறாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வெஸ்டர்ன் என்று சொல்லிக்கொண்டால் கடையில் வாங்கிவிடலாம், அதனால் அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

"அந்தத் தரை இப்ப இல்லம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"அதத்தான் முதல்ல பெயர்க்கச் சொன்னேன். மண்ணு தெரியிற வரைக்கும் எடுத்தாச்சு. நானே மூட்டை கட்டித் தூக்கி ஏத்தி விட்டுட்டேன். ஒரு துண்டு மிச்சம் இல்ல."

"நீங்களே தூக்குனீங்களா?"

"கூலி மிச்சம்லா."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எனக்கு அழுகை மட்டும் வந்தது. மகள் முன்னால் அழுததில் வெட்கமில்லை.

திரும்பினால் சம்பந்தியம்மாள் கரண்டியோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "ஏட்டி, இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? உனக்கு அங்க போக மனசில்லங்கிறது மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்சுது. காரணம் என்னமோ, உன்ன அங்க அனுப்பாம இருப்போம்னுதான் நான் சாஸ்திரத்தப் பிடிச்சித் தொங்குனேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இடிச்சது இடிச்சாச்சு. இனி குழியத் தொறந்து போட்டு வைக்கக் கூடாது. சட்டுனு முடிங்க. அதுவும் சாஸ்திரந்தான்."

"அது எந்த சாஸ்திரம் சம்பந்தியம்மா?"

"இப்ப நான் சொன்ன சாஸ்திரம்."

கிளம்பும்போது பூரணியிடம், வருவாயா என்று கேட்டேன். "முடிங்க, பாக்கலாம்பா" என்றாள். பழைய "பாக்கலாம்பா" இல்லை இது. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லவில்லை. என் வீடு என்றும் சொல்லவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

சம்பந்தியம்மாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார், டைல்ஸ் தேர்ந்தெடுக்க. ஆம்பளைகளை நம்பி டைல்ஸ் எடுக்க விட முடியாதாம்.

மீந்த டைல்ஸ் கடையில் ஏதோ கல்யாண மண்டபத்துக்கு வாங்கி மிஞ்சியது, யாரோ பிடிக்கவில்லை என்று திருப்பித் தந்தது என்று குவியல் குவியலாகக் கிடந்தது. கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்துக் காட்டி "முகம் பாக்கலாம்மா" என்றார். அம்மாள் அதைத் தரையில் போடச் சொன்னார். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் ஊற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஈர டைல்ஸ் மேல் ஏறிக் காலால் தேய்த்துப் பார்த்தார்.

"வழுக்குது. அடுத்தது."

இப்படியே ஒவ்வொன்றாக. கடை முழுக்கத் தண்ணீர். மற்ற வாடிக்கையாளர்கள் டைல்ஸை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். கடைக்காரர் கடைசியில் "அம்மா எந்தக் கம்பெனி இன்ஸ்பெக்டரு?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். மாமியார் கம்பெனி என்றேன்.

தேறியது சொரசொரப்பான இரண்டு வகை. பச்சை பாதி, சாம்பல் நிறம் பாதி. ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. ஆனால் நடந்தால் கால் அப்படியே பிடித்துக்கொள்கிறது. விலையும் மலிவு, அந்த நிறத்தை வேறு யார் வாங்கப்போகிறார்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தரை போட்டாயிற்று. வாட்டம் சரியாக இருக்கிறதா, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வாளி ஊற்ற வேண்டும் என்றான் லூர்து. இந்த ஊரில் ஒரு வாளித் தண்ணீரைச் சும்மா தரையில் ஊற்றுவது என்றால் வயிறு எரியும். குழாயில் தண்ணீர் வர இன்னும் எத்தனை நாளோ. இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்தேன்.

தண்ணீர் மூலையில் இருக்கிற ஓட்டையைப் பார்த்தது. வேண்டாம் என்று முடிவு செய்தது. நேராகக் கதவைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"சார், வீடே கொஞ்சம் சரிஞ்சிருக்கு" என்றான் லூர்து.

"வீடு சரியாத்தாம்லே இருக்கு. ஒன் மட்டப்பலகதான் சரிஞ்சிருக்கு."

நல்லவேளை, சிமெண்ட் இன்னும் இறுகவில்லை. அத்தனை டைல்ஸையும் எடுத்து, கழுவி, மறுபடியும் பதித்தோம். நானும் முட்டி போட்டுப் பதித்தேன். சாயங்காலம் இன்னொரு வாளி. இந்தத் தடவை தண்ணீர் ஒழுங்காக மூலைக்குப் போய் ஓட்டையில் இறங்கியது. இரண்டு பேரும் கைதட்டினோம். டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து "என்ன சார், குழந்தை பொறந்துருச்சா?" என்றார்.

பிப்ரவரி 7, வெள்ளி

கம்மோடு வந்து உட்கார்ந்துவிட்டது. நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஏதோ ஆபீஸில் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பது போல இருக்கிறது. பழக வேண்டும். பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஸ்டீல் கம்பி ஒன்று பதிக்கச் சொன்னேன், அதில் முழுப் பலத்தோடு தொங்கியும் பார்த்துவிட்டேன், அசையவில்லை. கம்பியோடு சேர்த்து நாற்பதாயிரம் தாண்டிவிட்டது. தாண்டினால் தாண்டட்டும்.

பச்சையும் சாம்பலும் மாறி மாறி, கதவுக்கு நீலப் பெயிண்ட். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஐந்து வகைச் சாதம். பூரணி கை நிறைய வளையல். அம்மா இடத்தில் நின்று மாரிக்கண்ணு சந்தனம் பூசினாள்.

பந்தி முடிந்ததும் நான் வாடகைக் கார் அருகில் போய் நின்றுகொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் "பாக்கலாம்பா" வந்துவிடுமோ என்று பயம். பூரணி மாமியார் காலில் விழுந்து எழுந்தாள், மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள், வந்து காரில் ஏறினாள். பாத்ரூம் பார்க்கத்தான் வருகிறாளா, தங்க வருகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டி ஒன்றுதான், அதுவும் சின்னது.

வீட்டுக்கு வந்ததும் களைப்பாக இருக்கிறது என்று படுத்துவிட்டாள். நடுவில் ஒரு தடவை எழுந்து டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் காபி குடித்துவிட்டுப் பூரணி அந்த நீலக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கதவைத் தள்ளினாள். உள்ளே போகவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா இந்தக் கலர் எடுத்தா?"

"சங்கரன்கோவில் அத்தைதான். எல்லாத்துக்கு மேலயும் ஏறி மிதிச்சுப் பாத்து எடுத்தாங்க."

வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அடுத்த காலையும் வைத்தாள். மாரிக்கண்ணு வெந்நீர் வாளியை உள்ளே வைத்துவிட்டு வந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

நான் ஹாலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். மாரிக்கண்ணு "உக்காருண்ணே, தலை சுத்துது" என்றாள். உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு செம்பு, இன்னொரு செம்பு, அப்புறம் நிதானமாக நிறைய. நடுவில் அழுதாளா என்று தெரியாது. தண்ணீர் சத்தத்தில் கேட்கவில்லை.

கதவு திறந்தது. தலையில் துண்டு, முகம் எல்லாம் சிவந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அப்பா! கண்ணாடிய யாரு மாட்டுனா?"

கூலி மிச்சம் என்று சனிக்கிழமை நான்தான் மாட்டினேன்.

"உங்க ஒசரத்துக்கு மாட்டி வச்சிருக்கீங்க. எனக்கு நெத்தி மட்டுந்தான் தெரியுது. என் வீட்டுல என் மூஞ்சி எனக்குத் தெரிய வேண்டாமா?"

என் காதில் சரியாகத்தான் விழுந்தது. மாரிக்கண்ணுவும் கேட்டாள், அவள்தான் சாட்சி. நான் ஓடிப்போய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு நிமிஷ வேலை, கீழே ஒரு ஆணி அடித்து மாட்டிவிடலாம்.

பூரணி கதவை மறித்து நின்றாள்.

"ஆணி அடிக்கப் போறீங்களா? ஒண்ணும் தெரியாதா உங்களுக்கு? வாயும் வயிறுமா இருக்கவ வீட்டுல ஆணி அடிக்கலாமா? அத்தை கேட்டா என்ன சொல்லுவாங்க?"

சுத்தியலை அப்படியே கீழே வைத்துவிட்டேன். பிரசவம் முடிகிற வரைக்கும் இந்த வீட்டில் ஒரு ஆணி விழாது. மாப்பிள்ளையிடம் மிச்சப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லிப் போன் செய்துகொண்டிருக்கிறாள். நான் கொடிக்கயிறு வாங்கக் கடைக்குக் கிளம்புகிறேன், கண்ணாடியைப் பழைய ஆணியிலிருந்தே கயிற்றில் இறக்கி அவள் உயரத்துக்குக் கட்டிவிட வேண்டும்.